ஓதம் ஏறிய வீடும் ஓயாத வாயும்: 'ரைசிங் டேம்ப்' முழு டிவிடி தொகுப்பு

சேரிட்டி கடை (தானமாக வந்த பழைய சாமான்களை விற்கிற கடை) ஒன்றில் மூன்று பவுண்டுக்குக் கிடைத்தது. பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது, உள்ளே ஒரு தட்டில் கீறல், மற்றபடி எல்லாம் இருந்தது. 1974 முதல் 1978 வரை பிரிட்டனின் ஐடிவி சேனலில் வந்த நகைச்சுவைத் தொடரின் நான்கு சீசன்கள், மொத்தம் 28 அத்தியாயங்கள், கூடவே 1980-இல் வந்த சினிமா. பழைய பிரிட்டிஷ் நகைச்சுவை மேல் பெரிய ஈடுபாடு இருந்து வாங்கினேன் என்று சொன்னால் பொய். பெயரைப் பார்த்துத்தான் வாங்கினேன். ரைசிங் டேம்ப் என்றால் தரையிலிருந்து சுவரில் ஏறுகிற ஓதம். வட இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக்குப் படிக்க வந்த முதல் வருஷம் அந்த ஓதத்தோடு ஒரே அறையில் குடித்தனம் நடத்தியவன் நான்.

அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹைட் பார்க் பகுதியில் (லண்டன் ஹைட் பார்க் இல்லை, லீட்ஸில் மாணவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிற பேட்டை) ஒரு பழைய செங்கல் வீடு. என் கட்டிலுக்குப் பின்னால் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. அதற்குக் கீழே வால்பேப்பர் உப்பியிருக்கும், விரலால் அழுத்தினால் அப்பளம் மாதிரி உள்ளே காரை நொறுங்குகிற சத்தம் கேட்கும். வீட்டுக்காரர் அதே வீட்டில் கீழே இருந்தார். புகார் சொன்னால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அந்தக் கோட்டையே கொஞ்ச நேரம் பார்ப்பார், அப்புறம் மேசைமேல் இருக்கிற என் ரைஸ் குக்கரைப் பார்ப்பார். "நீ தினமும் சோறு வைக்கிறாயே, அந்த ஆவிதான்." ஆவி மேலே போகாமல் முழங்காலோடு ஏன் நின்றுவிட்டது என்று கேட்க அன்றைக்கு எனக்கு இங்கிலீஷும் போதவில்லை, தைரியமும் போதவில்லை.

இத்தனை வருஷம் கழித்து முதல் தட்டைப் போட்டால், அதே ஆள் திரையில் நிற்கிறார். அதே இடுப்பு, அதே கை, அழுக்கேறிய ஸ்வெட்டர், கையில் ஒரு பூனை. சிரித்தேனா கோபப்பட்டேனா என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரூபர்ட் ரிக்ஸ்பி என்பவருக்குச் சொந்தமான ஒரு பாழடைந்த பெரிய வீடு. அதை அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விடுகிறார். நம் ஊர் மேன்ஷன் மாதிரி, ஆனால் வீட்டுக்காரரும் உள்ளேயே இருக்கிறார், எந்த நேரத்தில் உள்ளே நுழைவார் என்று யாருக்கும் தெரியாது. மாடியறையில் ஆலன், மருத்துவ மாணவன், தலைமுடி நீளம். அவனோடு ஃபிலிப், நகரத் திட்டமிடல் படிக்கிறவன், கறுப்பின இளைஞன், ஆப்பிரிக்கப் பழங்குடித் தலைவரின் மகன் என்று சொல்லிக்கொள்கிறான், ஊரில் பத்து மனைவிகள் இருப்பதாகவும் சொல்கிறான். இன்னொரு அறையில் மிஸ் ரூத் ஜோன்ஸ், பல்கலைக்கழக அலுவலகத்தில் வேலை. ரிக்ஸ்பிக்கு ரூத் மேல் கண், ரூத்துக்கு ஃபிலிப் மேல் கண், ஃபிலிப்புக்கு நிம்மதியாக இருந்தால் போதும். ஆலனுக்குப் பெண் என்று யாராவது இருந்தால் போதும். 28 அத்தியாயங்களுக்கும் மூலதனம் இவ்வளவுதான். அப்புறம் அந்தப் பூனை, பெயர் வியன்னா. பிரிட்டனில் 'குட்நைட் வியன்னா' என்றால் கதை முடிந்தது என்று அர்த்தம். இரவில் இவனை வெளியே விட்டால், எதிரே வருகிற பூனைக்குக் குட்நைட் வியன்னா என்பது ரிக்ஸ்பி தருகிற பெயர் விளக்கம்.

கதை பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. மாடிப்படி, இரண்டு மூன்று அறைகள், ரிக்ஸ்பியின் அறை. யார்க்‌ஷயர் டெலிவிஷன் இதை லீட்ஸ் ஸ்டூடியோவில், எதிரே பார்வையாளர்களை உட்காரவைத்து வீடியோ டேப்பில் பதிவு செய்தது. அந்த ஸ்டூடியோ இருந்த கர்க்ஸ்டால் ரோடு வழியாக நான் எத்தனையோ முறை பஸ்ஸில் போயிருக்கிறேன், அன்றைக்கு இது எதுவும் தெரியாது. எல்லாம் மங்கிய பச்சை, மங்கிய பழுப்பு. அறைகளில் சாமான் கொஞ்சம்தான், அதுவும் ஒன்றோடொன்று சேராதவை. இன்றைய தொடர்களில் ஏழை வீடு என்று காட்டினாலும் விளக்கு அழகாக விழும், இதில் அந்த வம்பே கிடையாது. அறைக்குள் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், குளிர்கிறது என்று தனியாகச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

எழுதியவர் எரிக் சாப்பெல். எழுத்தாளராவதற்கு முன் கிழக்கு மிட்லண்ட்ஸ் மின்வாரியத்தில் தணிக்கையாளராக இருந்தவர். ஒரு கறுப்பின மனிதர் ஆப்பிரிக்க இளவரசர் என்று சொல்லிக்கொண்டு ஒரு ஹோட்டலில் நீண்ட காலம் ராஜ மரியாதையோடு தங்கியிருந்ததாகப் பேப்பரில் வந்த செய்திதான் இதற்கு விதை. அதை வைத்து முதலில் 'தி பனானா பாக்ஸ்' என்று ஒரு நாடகம் எழுதினார், 1973-இல் லண்டனில் அரங்கேறியது. அதில் வீட்டுக்காரர் பெயர் ரூக்ஸ்பி. உண்மையிலேயே அந்தப் பெயரில் ஒரு வீட்டுக்காரர் இருந்து ஆட்சேபித்ததால் டிவிக்கு வரும்போது ரிக்ஸ்பி ஆனது. (தன்னைத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று நினைக்கிற அளவுக்கு அந்த மனிதர் என்ன செய்திருப்பார் என்று யோசித்தால் அதுவே ஒரு அத்தியாயம்.) நாடகத்தில் நடித்த லெனர்ட் ராஸிட்டர் (ரிக்ஸ்பி), ஃபிரான்சஸ் டி லா டூர் (ரூத்), டான் வாரிங்டன் (ஃபிலிப்) மூவரும் அப்படியே டிவிக்கு வந்தார்கள், ஆலனாக மட்டும் ரிச்சர்ட் பெக்கின்சேல் புதிதாகச் சேர்ந்தார். 1974 செப்டம்பர் 2-ஆம் தேதி முதல் அத்தியாயம்.

அந்த இளவரசர் செய்திதான் தொடரின் உயிர் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தத் தொடரைப் பற்றி யார் பேசினாலும் ராஸிட்டரைத்தான் பேசுகிறார்கள், நியாயம்தான், ஆனால் வண்டி ஓடுவது ஃபிலிப்பின் பொய்யில். இந்த வீட்டில் எல்லோரும் தாங்கள் இருக்கிற அறையைவிடப் பெரிய பொய் ஒன்றைச் சொல்லிக்கொண்டு வாழ்கிறார்கள். ரிக்ஸ்பிக்குப் போர்க்காலப் பெருமை, ஆலனுக்குப் பெண்கள் விஷயத்தில் இல்லாத அனுபவம், ரூத்துக்கு நாவல்களில் வருகிற மாதிரி ஒரு காதல் எங்கேயோ காத்திருக்கிறது என்ற நினைப்பு. மூன்று பேரும் தங்கள் பொய்யைத் தாங்களே பாதி நம்புகிறார்கள். தெரிந்தே, விளையாட்டாக, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் பொய் சொல்கிற ஒரே ஆள் ஃபிலிப். ரிக்ஸ்பி எதைக் கேட்க ஆசைப்படுகிறாரோ அதைக் கொடுக்கிறான்: காடு, முரசு, மந்திரம், பத்து மனைவி.

ரிக்ஸ்பி நிறவெறி பிடித்தவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதைவிடப் பெரிய வியாதி ஒன்று அவருக்கு உண்டு, பட்டம் பதவி என்றால் முதுகு தானாக வளைந்துவிடும். கறுப்பினத்தவன் என்றால் இளக்காரம், தலைவர் மகன் என்றால் ராஜ குடும்பம் ஆயிற்றே என்ற பயம். இரண்டும் ஒரே ஆளாக எதிரே வந்து நின்றால் அவர் என்ன செய்வார்? முகத்தின் ஒரு பாதி ஏளனம் செய்ய, மறு பாதி சலாம் போடுகிறது. ராஸிட்டர் அதை நிஜமாகவே முகத்தில் காட்டுகிறார்.

'கரிஸ்மா' என்ற அத்தியாயத்தில், ரூத்தை மயக்க வழி தெரியாமல் ரிக்ஸ்பி ஃபிலிப்பிடம் யோசனை கேட்டு வருகிறார். ஃபிலிப் ஒரு மரத்துண்டைக் கொடுத்து, எங்கள் ஊர்க் காதல் மரம், கொளுத்திப் புகை காட்டினால் பெண் மயங்கிவிடுவாள் என்கிறான். ரிக்ஸ்பி அதை நம்புகிறார். நாகரிகம் தெரியாதவர்கள் என்று வாய் ஓயாமல் சொல்கிற மனிதர், அவர்களுடைய மந்திரம் மட்டும் பலிக்கும் என்று நம்பி, ஒரு மூலையில் குனிந்து மரத்துண்டைக் கொளுத்திக்கொண்டிருக்கிறார். அது எந்தக் காட்டு மரமும் இல்லை, அந்த வீட்டு அலமாரியிலிருந்தே பெயர்த்தது. வீட்டுக்காரர் தன் சொந்த அலமாரியைத்தான் கொளுத்துகிறார். இதைவிடச் சுத்தமாக ஒரு ஆளை அவன் புத்தியாலேயே கட்டிப்போட முடியாது.

இதற்கு மறுபக்கமாக 'எ பெர்ஃபெக்ட் ஜென்டில்மேன்' என்று ஒரு அத்தியாயம், இரண்டாவது சீசனில். சீமோர் என்று ஒருவர் குடிவருகிறார், நல்ல சூட், மேட்டுக்குடி உச்சரிப்பு. ரிக்ஸ்பிக்குத் தலைகால் புரியவில்லை. சீமோரிடம் மட்டும் அவர் கணக்கும் கேட்பதில்லை, கேள்வியும் கேட்பதில்லை. சீமோர் சுத்தமான ஃபிராடு. இரண்டு அத்தியாயங்களையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஒருவனை நிறத்தைப் பார்த்து எடைபோட்டு ஏமாறுகிறார், இன்னொருவனை உச்சரிப்பைப் பார்த்து எடைபோட்டு ஏமாறுகிறார். ஃபிலிப்பின் பொய்யால் யாருக்கும் ஒரு காசு நஷ்டமில்லை, சீமோர் பணத்தைக் கறக்கிறவன். ஆனால் ரிக்ஸ்பியின் மரியாதை யாருக்கு முழுசாகக் கிடைக்கிறது என்று பார்த்தால் போதும், 1970-களின் இங்கிலாந்து புரிந்துவிடும்.

அந்தக் காலத்தையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1974 பிறந்ததே வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் தொழிற்சாலைகளுக்கு மின்சாரம் என்ற உத்தரவோடு. அதே வருஷம் இரண்டு பொதுத்தேர்தல். (தேர்தலை வைத்தும் ஒரு அத்தியாயம் உண்டு, 'ஸ்டாண்ட் அப் அண்ட் பி கவுன்ட்டட்', ஒரே வீட்டுக்குள் கன்சர்வேட்டிவ், லேபர், லிபரல் மூன்றும்.) அதே 1974-இல் வந்த வாடகைச் சட்டம், சாமான்களோடு விடப்படும் அறைகளில் இருக்கிறவர்களுக்கும் சட்டென்று காலிசெய்யச் சொல்ல முடியாதபடி பாதுகாப்பு கொடுத்தது, ஆனால் வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. 1968-இன் இன உறவுச் சட்டமும் அப்படித்தான். நிறத்தைக் காரணம் காட்டி வாடகைக்கு இடம் தர மறுப்பது சட்டவிரோதம் என்றது, வீட்டுக்காரர் கூடவே குடியிருக்கிற சின்ன வீடுகளுக்கு விலக்கும் வைத்தது. இரண்டு சட்டமும் விட்டுவைத்த அதே சந்தில்தான் ரிக்ஸ்பி பூனையோடு உட்கார்ந்திருக்கிறார். சாப்பெல் இதை யோசித்து எழுதினாரா, அவருக்குத் தெரிந்த வீடுகளே அப்படி இருந்தனவா, எனக்குக் கவலையில்லை. என் வீட்டுக்காரர் ஏன் கீழ்த்தளத்தை விட்டு நகரவே மாட்டேன் என்றார் என்று அன்றைக்கு யோசித்திருக்கலாம் என்று மட்டும் தோன்றியது.

ராஸிட்டர் பற்றிச் சொல்லாமல் முடியாது. லிவர்பூல்காரர், காப்பீட்டு நிறுவனத்தில் குமாஸ்தாவாக இருந்துவிட்டு இருபதுகளின் பிற்பகுதியில்தான் நடிக்க வந்தார். வாயைத் திறந்தால் மெஷின் மாதிரி பேச்சு, ஆனால் ஒரு சொல்லும் மழுங்காது. பேசிக்கொண்டே பின்னால் சாய்கிறார், கழுத்து மட்டும் முன்னால் வருகிறது. ரூத் அறைக்குள் வந்தால் கை தானாகத் தலைமுடிக்குப் போகிறது. பொறாமையோ பயமோ வந்தால் கண்ணும் உதடும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் வேலை செய்கின்றன. கதவைத் தட்டுவதும் திறப்பதும் அவருக்கு ஒரே வேலை. என் மனைவி மூன்றாவது அத்தியாயத்தில் கேட்டாள், "ஏங்க, இந்த ஆள் ஒருநாளாவது தட்டிட்டுக் காத்திருப்பானா?" 28 அத்தியாயம் பார்த்தாகிவிட்டது, எனக்கு நினைவிருக்கிற வரை இல்லை. 'மிஸ் ஜோன்ஸ்' என்று அவர் இழுக்கிற இழுப்பில் ஆசையும் வெட்கமும் கெஞ்சலும் கலந்திருக்கும், அது அவர் வாயில் மட்டும்தான் வரும். 'ஃபுட் குளோரியஸ் ஃபுட்' அத்தியாயத்தில் 48 மணி நேரம் சாப்பிடாமல் இருக்கிறேன் என்று ஃபிலிப்போடு பந்தயம் கட்டுகிறார். வாசனை வருகிற பக்கம் மூக்கு திரும்ப, மூக்கின் பின்னால் தலை திரும்ப, கடைசியில் உடம்பும் திரும்புகிறதே, அதை இரண்டு முறை ரிவைண்ட் செய்து பார்த்தேன்.

இப்படி ஒருவர் ஆடும்போது எதிரே நிற்கிறவர்கள் என்ன செய்ய வேண்டும்? வாரிங்டன் ஒன்றும் செய்யாமல் நிற்கிறார். டிரினிடாடில் பிறந்தவர், இங்கிலாந்தின் வடக்கே நியூகாசிலில் வளர்ந்தவர், அப்போது இருபதுகளின் தொடக்கம். அழகான தாழ்ந்த குரல், நேரான முதுகு, புருவம் மட்டும் அரை அங்குலம் உயரும். ரிக்ஸ்பி எவ்வளவு குதிக்கிறாரோ அவ்வளவு இவர் அமைதி, அந்த அமைதிதான் ரிக்ஸ்பியைச் சிரிப்புக்கிடமாக்குகிறது. அதே காலத்தில் வந்த 'லவ் தை நெய்பர்' மாதிரியான தொடர்களில் வெள்ளைக்காரரும் கறுப்பினத்தவரும் மாறி மாறித் திட்டிக்கொள்வதே நகைச்சுவை, பார்த்தால் வாய் கசக்கிறது. இதில் ஃபிலிப் திருப்பித் திட்டுவதில்லை. அறையில் இருப்பவர்களிலேயே படித்தவன், நிதானமானவன், நாகரிகமானவன் அவன்தான் என்பது ரிக்ஸ்பியைத் தவிர எல்லோருக்கும் தெரியும். கொஞ்சம் யோசித்தால் ரிக்ஸ்பிக்கும் தெரியும். 'டெத் இன் பாரடைஸ்' பார்க்கிறவர்கள் கமிஷனர் செல்வின் பேட்டர்சனை நினைத்துக்கொள்ளுங்கள், அதே ஆள்தான், அதே புருவம்தான்.

அதற்காக இதில் ஒரு கறையும் இல்லை என்று சொல்ல மாட்டேன். ரிக்ஸ்பி சொல்கிற சில வார்த்தைகளுக்கு ஸ்டூடியோவில் எழுகிற சிரிப்பு எந்தப் பக்கம் நின்று வருகிறது என்று சில இடங்களில் சந்தேகமாக இருக்கிறது. அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்களா, அவரோடு சேர்ந்தா? எழுத்து முதல் வகைக்காக எழுதப்பட்டது. சிரிப்பு சில சமயம் இரண்டாவதாகக் கேட்கிறது. லீட்ஸில் முதல் வருஷம் பஸ் ஸ்டாப்பில் சில வார்த்தைகளைக் காதால் கேட்டவனுக்கு அந்த இடங்களில் சிரிப்பு வராது. நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன், அடுத்த வரியில் ரிக்ஸ்பி மூக்குடைபட்டதும்தான் மூச்சு விட்டேன். குழந்தைகளோடு பார்ப்பதாக இருந்தால் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

ரூத் விஷயத்தில்தான் எனக்குப் பெரிய வருத்தம். 'வயசாகிறது, கல்யாணமாகவில்லை' என்ற ஒரே கம்பியில் அவளைத் தொங்கவிட்ட காட்சிகள் நிறைய. அப்படி எழுதியதை ஃபிரான்சஸ் டி லா டூர் எப்படித்தான் காப்பாற்றுகிறாரோ. நெடுநெடுவென்ற உயரம், எப்போதும் கொஞ்சம் தடுமாறுகிற கைகள், பாதியில் நிற்கிற வாக்கியங்கள். அவர் ஃபிலிப்பின் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சை மெதுவாகக் காதலுக்குத் திருப்பப் பார்க்கும்போது, சிரித்துக்கொண்டே 'ஐயோ பாவம்' என்று சொல்லவைக்கிறார். (ஹாரி பாட்டர் படத்தில் வருகிற மேடம் மாக்சிம் இவர்தான். என் மகளிடம் சொன்னபோது நம்பவில்லை.) இரண்டாவது சீசனில் சில அத்தியாயங்களுக்கு நாடக மேடைக்குப் போய்விட்டார், பதிலுக்கு பிரெண்டா என்று ஒரு பெண் குடிவருகிறாள். நடித்தவர் மேல் குறையில்லை, ஆனால் ரிக்ஸ்பிக்கு ஏங்க ஆளில்லாமல் வீடே வெறிச்சென்று இருக்கிறது.

பெக்கின்சேல் வேறு ரகம். ஆலன் முட்டாள் இல்லை, வெகுளி, அந்த வித்தியாசத்தை அவர் லேசாகக் காட்டுகிறார். ரிக்ஸ்பி அவன் முடியைக் கிண்டல் செய்கிறார், வேலைவெட்டி இல்லாத தலைமுறை என்கிறார், ஆனால் இரவில் பேச்சுத்துணைக்கு அவன் அறைக்குத்தான் வருகிறார். இந்தத் தொடரில் பாசம் என்று ஏதாவது இருந்தால் அது அங்கேதான், யாரும் வாய்விட்டுச் சொல்லாத பாசம். நாலாவது சீசனில் பெக்கின்சேல் இல்லை, மேடை நாடக வேலை. அடுத்த வருஷம், 1979 மார்ச்சில், மாரடைப்பில் இறந்துபோனார், வயசு 31. இது தெரிந்த பிறகு நாலாவது தட்டைப் போடும்போது அந்த மாடியறை வேறு மாதிரி தெரிகிறது. ரிக்ஸ்பி உள்ளே வந்து பேச ஆரம்பிக்கும்போதெல்லாம் கண் தானாக இன்னொரு கட்டிலைத் தேடியது. ராஸிட்டரும் 57 வயசில், 1984 அக்டோபரில், லண்டன் லிரிக் தியேட்டரில் நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே இறந்தார்.

சினிமாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டிவியில் பார்த்த காட்சிகளையே மறுபடி தைத்து எடுத்திருக்கிறார்கள், ஆலன் இடத்தில் வேறு பையன், சீமோராக டென்ஹோம் எலியட். சிரிக்க ஆளில்லாததால் ராஸிட்டர் இடைவெளி விட்டு விட்டுப் பேசுகிறாரோ என்று தோன்றும். ஆனால் ஒரு விஷயத்துக்காகப் பார்க்கலாம். ஃபிலிப்பின் ரகசியம் இதில்தான் உடைகிறது. அவன் ஆப்பிரிக்கா பக்கமே போகாதவன், சொந்த ஊர் தெற்கு லண்டனில் இருக்கிற குரோய்டன். தொடரில் இதைக் கடைசிவரை உடைக்காமல் விட்டதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கட்சி. பொய் என்று நமக்குத் தெரிந்திருக்கிறது, சொல்லாமலே தெரிந்திருக்கிறது, அதுதான் ருசி.

இதை, ஒரு ஹோட்டலில் நடக்கிற 'ஃபால்டி டவர்ஸ்' என்ற இன்னொரு பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடரோடு ஒப்பிடுகிறவர்கள் உண்டு. அதில் மொத்தமே 12 அத்தியாயம், ஒவ்வொன்றும் கடிகாரம் மாதிரி செதுக்கியது. இதில் 28, அதில் ஏழெட்டு சுமார், இரண்டு மூன்று வீண். மலைப்பாம்பு தொலைகிற அத்தியாயம் எனக்கு ஒட்டவேயில்லை. ஆனால் ஃபால்டியின் ஹோட்டலில் விருந்தாளிகள் நாலு நாளில் போய்விடுவார்கள். ரிக்ஸ்பி வீட்டில் யாருக்கும் போக இடமில்லை, சண்டை போட்டாலும் காலையில் அதே படிக்கட்டில்தான் இறங்க வேண்டும். ஒரு அத்தியாயத்தில் புதிதாக வந்த குடித்தனக்காரர் தற்கொலை செய்துகொள்ளப் போகிறாரோ என்று பயந்து ரிக்ஸ்பி உற்சாகப்படுத்தக் கிளம்புகிறார். அவர் ஆறுதல் சொல்லச் சொல்ல, கேட்கிறவருக்கு மட்டுமா, நமக்கே வாழ்க்கை வெறுத்துவிடும். அவ்வளவு இருட்டான விஷயத்தை அந்தக் காலத்தில் குடும்பத்தோடு பார்க்கிற நேரத்தில் போட்டிருக்கிறார்களே என்று ஆச்சரியமாக இருந்தது. 1978-இல் பாஃப்டாவின் (பிரிட்டனின் சினிமா, டிவி விருது அமைப்பு) சிறந்த சிச்சுவேஷன் காமெடி விருது இந்தத் தொடருக்குக் கிடைத்தது. சிறந்த பிரிட்டிஷ் சிச்சுவேஷன் காமெடி எது என்று 2004-இல் பிபிசி நடத்திய வாக்கெடுப்பில் 27-ஆவது இடம், ஐடிவி தொடர்களில் அதுதான் முதலிடம். அந்தப் பட்டியலில் அதற்கு மேலே இருந்த சிலதை நான் பார்த்திருக்கிறேன், என்னைக் கேட்டால் 27 கொஞ்சம் அநியாயம்.

டிவிடியைப் பொறுத்தவரை பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். பழைய வீடியோ டேப் படம், மங்கல்தான், பெரிய டிவியில் இன்னும் மங்கல். ஒவ்வொரு அத்தியாயமும் 25 நிமிஷம் சொச்சம், விளம்பரத்துக்காக நடுவில் வெட்டிய இடம் அப்படியே தெரியும். தொடக்கப் பியானோ இசை இரண்டு நாள் தலையை விட்டுப் போகாது. ராஸிட்டர் பேசுகிற வேகத்துக்குக் காது பழக மூன்று நாலு அத்தியாயம் ஆகும், அதுவரை ரிமோட் கையிலேயே இருக்கட்டும். முதலிலிருந்து வரிசையாகப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. 'தி பெர்மிசிவ் சொசைட்டி', 'ஃபுட் குளோரியஸ் ஃபுட்', 'எ பெர்ஃபெக்ட் ஜென்டில்மேன்' மூன்றும் ஒரே சீசன், அதிலிருந்து ஆரம்பியுங்கள், பிடித்தால் முதல் சீசனுக்குத் திரும்புங்கள், நாலாவது கடைசியில். சினிமா உங்கள் இஷ்டம். புதிதாக முழு விலை கொடுத்து வாங்க வேண்டுமா என்றால் வேண்டாம், இந்த ஊர் சேரிட்டி கடைகளில் டிவிடி அலமாரியை நாலு வாரம் கிளறினால் கண்டிப்பாக அகப்படும்.

என் பெட்டியில் கீறல் விழுந்த தட்டு மூன்றாவது. ஒரு இடத்தில் ரிக்ஸ்பி கதவைத் திறந்து, வாயைத் திறந்து, அப்படியே உறைந்துவிடுவார். துடைத்துப் பார்த்தேன், பற்பசை தடவிப் பார்த்தேன், நகரவில்லை. அவர் என்ன சொல்ல வந்தார் என்று இன்னும் தெரியாது. நேற்று அதே இடத்தில் நின்றபோது மனைவி சமையலறையிலிருந்து குக்கர் மூன்றாவது விசில் விட்டதும் சொன்னாள், "சோத்து ஆவியாத்தான் இருக்கும், வேற என்ன சொல்லப் போறான்."